கோவலன் பொட்டலில் எழாத கேள்வி

விருதுநகரிலிருந்து பழைய சாலை வழியே மதுரைக்குள் நுழைகையில் நாம் பழங்காநத்தத்தைக் கடக்கிறோம். அங்குள்ள கோவலன் பொட்டலே அவன் கொலையுண்ட இடம் என்பது மரபு.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் நம்மைத் திகைக்கச் செய்வது பொற்கொல்லனின் களவன்று, அவனது பேச்சு. கோவலனின் தோற்றம் கள்வனுடையதன்று எனக் காவலர் தயங்குகின்றனர். உடனே அவன் மந்திரம், தெய்வம், மருந்து எனக் கள்வரின் எட்டுத் துணைகளையும் அடுக்கி, அந்த நல்ல தோற்றத்தையே ஐயத்திற்குரியதாக்குகிறான். காவலருள் ஒருவனும் தான் கண்ட கள்வன் கதையைச் சேர்த்துக்கொள்கிறான். (பொறியின் வேகத்தைச் சிவகாசிப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.) குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஆணையிட்ட நெடுஞ்செழியனோ, அரசியின் ஊடலைத் தணிக்கும் விரைவில் எதையும் வினவவில்லை. சூசன்னா வழக்கில் தானியேல் முதியோர் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டனர் என்று கேட்டார், பொய் உடைந்தது. மதுரையிலும் சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்ற ஒரு கேள்வி போதுமாயிருந்தது. கண்ணகி அதனை அவைக்குக் கொண்டுவந்தபோது கோவலன் உயிரோடில்லை.