பிறப்பையொட்டிய மரபணுச் சிகிச்சை

பெற்றோர் வழியாக வந்த பழுதான மரபணுவுக்கு ஈடாகச் சரியான பிரதியொன்றைக் குழந்தையின் கலங்களுக்குள் சேர்ப்பதோ, பழுதை இருந்த இடத்திலேயே திருத்துவதோ மரபணுச் சிகிச்சை எனப்படும். நோய் உடலைக் கெடுத்த பின் செய்வதைவிட, பிறந்த கையோடு செய்வது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது.

அனுமதி பெற்ற முதல் முயற்சி 1990 செப்டெம்பர் 14 அன்று அமெரிக்காவின் பெதெஸ்டாவில் நடந்தது. ஏடிஏ என்னும் நொதி இல்லாததால் நிர்ப்பீடனம் குன்றியிருந்த நான்கு வயதுச் சிறுமிக்கு, திருத்திய வெண்குருதிக் கலங்கள் ஏற்றப்பட்டன. மூன்று ஆண்டுகளில் சிகிச்சை பச்சிளங்குழந்தைகளை எட்டியது. கருவிலேயே இதே நோய் கண்டறியப்பட்ட மூன்று குழந்தைகள் 1993இல் கலிபோர்னியாவில் பிறந்தபோது, வழக்கமாகக் கழிவாகிப் போகும் தொப்புள்கொடிக் குருதியை வைத்தியர்கள் சேகரித்தனர். டொனால்ட் கோன் குழுவினர் அதிலிருந்து குருத்துக் கலங்களைப் பிரித்து, வலுவிழக்கச் செய்த வைரஸ் மூலம் சரியான மரபணுவைச் செலுத்தி, நான்காம் நாளில் குழந்தைகளுக்கே திருப்பி ஏற்றினர். புதிய மரபணு பற்றிக்கொண்ட கலங்கள் மிகக் குறைவு. குறைந்த நொதிக்கு ஈடாகப் போட்டுவந்த ஊசியை நிறுத்த முடியவில்லை. ஆனாலும் வழி அதுதான் என்பது தெளிவாயிற்று. 2021இல் வெளியான ஆய்வில், இதே நோய்க்கு மேம்பட்ட வைரஸ் காவியால் சிகிச்சை பெற்ற 50 பிள்ளைகளும் உயிருடன் இருந்தனர்.

இடைப்பட்ட காலம் துயரமானது. 1999இல் பென்சில்வேனியாவில் 18 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சையால் இறந்தார். பாரிஸில் குணமடைந்த பிள்ளைகள் சிலருக்குப் பின்னர் குருதிப் புற்றுநோய் வந்தது.

முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2019இல் அனுமதிக்கப்பட்ட ஒற்றை ஊசிதான் பெரும் திருப்பம். அறிகுறி தோன்றுமுன், பிறந்த ஆறு வாரங்களுக்குள் அதைப் பெற்ற கடுமையான வகையினர் 14 பேரும் தாமாக உட்கார்ந்தனர். சிகிச்சை இல்லாவிட்டால் இவ்வகைக் குழந்தைகள் உட்காருவதேயில்லை. தமிழ்நாட்டில் இந்த ஊசிக்காகப் பெற்றோர் பொதுமக்களிடம் ஏறத்தாழ 16 கோடி ரூபாய் திரட்ட வேண்டியிருந்தது. ஒரு குழந்தையின் உயிர் நன்கொடைப் பட்டியலின் வேகத்தைப் பொறுத்திருப்பது ஏற்கத்தக்கதல்ல.

2025இல் பிலடெல்பியாவில், உடலில் அமோனியா தேங்கும் அரிய நோயுடன் பிறந்த ஒரே குழந்தைக்கென ஆறு மாதங்களில் மரபணுத் திருத்த மருந்து உருவாக்கி ஏற்றப்பட்டது. கருவிலிருக்கும் சிசுவுக்கு நொதி ஏற்றும் சிகிச்சை கனடாவில் வெற்றிபெற்றிருக்கிறது. மரபணுவையே கருவில் மாற்றுவது இன்னும் பெரும்பாலும் விலங்காய்வு நிலையில்தான் உள்ளது.

இலங்கையின் யாழ்ப்பாணத் தீவகத்துக்கு மிக அருகில் இத்துறையில் முன்னேறியிருப்பது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அங்கு ஹீமோபிலியா நோயுள்ள ஐந்து பெரியவர்களுக்குச் செய்த மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. 

தீவகத்தில் ஊர்காவற்றுறைக்குத் தரைவழிப் பாதை உண்டு. ஆனால் நயினாதீவு, நெடுந்தீவுத் தாய்மார் குறிகட்டுவானுக்குப் படகேறித்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். மச்சான், மச்சாள் மணம்முடிக்கும் சிற்றூர்களில் இருவரும் ஒரே பழுதான மரபணுவைக் காவும் வாய்ப்புக் கூடுகிறது. அப்படியாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே முந்திய பிள்ளை ஏன் தவறியது என்று குடும்பநல உத்தியோகத்தர் கேட்டு எழுதும் ஒரு வரி மிகப் பெறுமதியானது. சிசுவின் குதிக்காலில் குத்தி, வடிதாளில் உலர்த்தும் சில துளிக் குருதியிலிருந்தே தசைநலிவையும் நிர்ப்பீடனக் குறைபாட்டையும் கண்டறியலாம். அந்தத் தாள் படகில் வருவதில் தடையேதுமில்லை.