ஐம்பத்து மூன்றின் கதை

தொலைபேசியில் செல்லும் பேச்சும், கணிப்பொறிகள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் தரவும் இயல்பால் வேறுபட்டவை. பேச்சில் ஓரொலி சிதைந்தால் செவி ஊகித்துக்கொள்ளும். தாமதத்தை மட்டும் பொறுக்காது. கணிப்பொறியோ காத்திருக்கும், ஓர் இலக்கம் தவறினால் கணக்கே பொய்த்துவிடும். இவ்விரண்டையும் ஒரே கம்பியில் செலுத்த முயன்றபோது எழுந்த பூசல் ஒன்றைக் கூறுகிறேன்.

1980களில் ஏ.டி.எம். என்றொரு முறை உருவாயிற்று. பணம் தரும் பொறிக்கும் இதற்கும் பெயரொற்றுமை தவிர வேறு உறவில்லை. பேச்சாயினும் தரவாயினும், எல்லாவற்றையும் ஒரே அளவான சிறு சிப்பங்களாக்கி அனுப்புவதே இம்முறை. சிறு சிப்பம் எதற்கு? 1,500 பைட்டு கொண்ட தரவுச் சிப்பமொன்று, நொடிக்கு 64,000 பிட்டு செல்லும் கம்பியைக் கடக்க 188 மில்லிநொடி ஆகும். ஒற்றைத் தண்டவாளத்தில் சரக்கு வண்டிக்குப் பின்னே அகப்பட்ட விரைவு வண்டியைப் போல, பேச்சு அதுவரை நிற்க வேண்டியதுதான்.

ஆயின் எவ்வளவு சிறிது? அமெரிக்கர் 64 பைட்டு என்றனர். ஐரோப்பியர் 32 என்றனர். சிப்பந்தோறும் மேல்விலாசத்திற்கு 5 பைட்டு வேண்டும். சிப்பம் சிறுத்தால் அச்செலவின் விகிதம் பெருகும். தரவை எண்ணியோர்க்கு அது வீண். ஆனால் தொலைபேசிப் பேச்சு நொடிக்கு 8,000 பைட்டு வீதமே வருவதால், 64 பைட்டு நிறைய 8 மில்லிநொடி ஆகும். 32 நிறைய 4 போதும். தாமதம் மிகுந்தால், பேசியவர் தம் குரலையே எதிரொலியாகக் கேட்க நேரும். பரந்த அமெரிக்காவின் நெடுந்தொலைவுக் கம்பிகளில் எதிரொலி நீக்கும் கருவிகள் முன்னரே இருந்தன. பிரான்சோ, 32 கிடைத்தால் உள்நாட்டு அழைப்புகளுக்கு அச்செலவைத் தவிர்த்துவிடலாம் என எண்ணியது.

1989-இல், பன்னாட்டுத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழுவில், இரண்டிற்கும் நடுவே 48 என முடிவாயிற்று. மேல்விலாசத்தோடு 53. பொறியியல் கண்ட எண் அன்று இது. சந்தைப் பேரத்தில் பிறந்தது. சிப்பத்தில் நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட பங்கு மேல்விலாசத்திற்கே போயிற்று; தரவுக்காரர் இதனை ஒரு வரியென்றே பழித்தனர்.

இதற்குள் கம்பிகள் விரைவு பெற்றுவிட்டன. நொடிக்கு பத்துக் கோடி பிட்டு செல்லும் தடத்தில் அதே 1,500 பைட்டுச் சிப்பம் 0.12 மில்லிநொடியில் கடந்துவிடும். சிறு சிப்பத்தின் தேவை அங்கே தேய்ந்தது. பின்னர்ப் பேச்சும் இணையத்தின் வழியே, அளவு மாறும் சிப்பங்களில் ஏறிக்கொண்டது. ஆயினும் வீடுகளுக்கு இணையம் கொணர்ந்த டி.எஸ்.எல். தொலைபேசிக் கம்பிகள் பலவற்றில், அந்த 53 நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது.