வேருக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர்

காப்பித்தூள் பொட்டலத்தின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும்: காப்பி இத்தனை விழுக்காடு, சிக்கரி இத்தனை விழுக்காடு. காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். மிச்சத்தைச் சிக்கரி நிரப்பலாம். டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கசப்பும் தருகிற அந்தப் பொடி, ஒரு கீரைச் செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் வயல் வயலாக விளைவித்து, தோண்டி, நறுக்கி, உலர்த்தி, வறுத்து அனுப்புகிறார்கள்.

அதன் இலை என்ன ஆகிறது? இலைக்கும் தமிழில் பெயர் இருக்கிறது: காசினிக் கீரை. ஈரலுக்கு நல்லது என்று நாட்டு மருந்துக்காரர்கள் சொல்வது இதைத்தான். யூனானி வைத்தியர்கள் 'காஸ்னி' என்பார்கள். நம் சொல்லும் அந்த வழியில் வந்ததே. முதுகலை வகுப்பில் ஒருமுறை கேட்டேன். சிக்கரியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காசினியை இரண்டு பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் ஒரே செடி என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. இதில் மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேரின் வரலாறு ஒரு பக்கம் எழுதப்பட்டது. இலையின் வரலாறு வேறெங்கோ கிடக்கிறது.

வேரின் வரலாறு அரசாங்கக் காகிதங்களால் ஆனது. 1770 வாக்கில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் பகுதியில் சிக்கரிக் காப்பித் தொழிற்சாலைக்கு உரிமம் கொடுத்தார்கள். 1781இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரடரிக் காப்பிக்கொட்டை வறுப்பதை அரசின் தனியுரிமை ஆக்கினார். எந்த வீட்டில் வறுபடுகிறது என்று மோப்பம் பிடிக்க, ஓய்வுபெற்ற சிப்பாய்களைத் தெருவில் விட்டார். அடுப்படிக்குள் அரசு மூக்கை நுழைத்ததற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது. 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்குகளைத் தடுத்தபோது காப்பிக்குத் தட்டுப்பாடு வந்தது; சிக்கரி ஐரோப்பா முழுக்கப் பரவியது. உரிமம், வரி, தடை. எல்லாவற்றுக்கும் தேதி உண்டு.

இலைக்கு அப்படியில்லை. ஆலிவும் சிக்கரியும் போதும் தனக்கு என்று ரோமக் கவி ஹொரேஸ் பாடியிருக்கிறார். பறித்துவந்தது யார் என்று அவர் சொல்லவில்லை. தெற்கு இத்தாலியின் புலியா பகுதியில், உலர்ந்த ஃபாவா அவரைப் பருப்பை மசித்து, வேகவைத்த சிக்கரிக் கீரையைப் பக்கத்தில் வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நம் பருப்பும் கீரையும்தான். ஏழைகளின் சமையல் என்றே அதற்குப் பெயர். கத்தியும் மடியுமாக வயல்வரப்பில் குனிந்து அந்தக் கீரையை அறுத்த பெண்களுக்கு எந்த உரிமமும் யாரும் தரவில்லை. இன்றைக்கு உணவகங்கள் அதே பதார்த்தத்தைப் பெருமையோடு பரிமாறுகின்றன.

நம்மிடம் இலையின் வரலாறு இருக்கிறது, ஆனால் அது வறுமையின் சாட்சியாக மட்டும் பதிவாகியிருக்கிறது. குமணனிடம் பரிசில் கேட்டுப் பெருஞ்சித்திரனார் பாடிய புறநானூற்று 159ஆம் பாட்டில் ஒரு மனைவி வருகிறாள். குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பும் மோரும் இல்லாமல் வேகவைத்து உண்கிறாள், அறத்தையே பழிக்கிறாள். சிறுபாணாற்றுப்படையிலும் ஒருத்தி குப்பைவேளையை உப்பின்றிச் சமைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று கதவை அடைத்துக்கொள்கிறாள். உரைகள் இவ்விடங்களில் வறுமையின் கொடுமையை வியந்துவிட்டுக் கடந்துபோகின்றன. பாடம் நடத்தும்போது நான் புறப்பாட்டின் ஒரு நுட்பத்தில் நின்றுவிடுவேன். அவள் பறிப்பது, முன்பு கொய்த கண்ணிலேயே மறுபடி துளிர்த்த இளந்தளிரை. அதாவது அவள் அங்கே ஏற்கெனவே பறித்திருக்கிறாள், வேர் அசையாமல் கொய்திருக்கிறாள், எத்தனை நாளில் திரும்பத் துளிர்க்கும் என்று கணக்கு வைத்திருக்கிறாள். புலவர் அதைப் பசியாக எழுதினார். எனக்கு அது வேளாண்மையாகவும் படுகிறது.

ஒட்டன்சத்திரத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் காய்கறிச் சந்தை தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று. இங்கிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிறது. தக்காளிக்கும் முருங்கைக்காய்க்கும் எடைபோட்டுச் சீட்டு எழுதுகிறார்கள். கீரைக்கட்டுப் பெண்களோ வெளியே, ரோட்டோரத்தில், ஈரச் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே மரத்தில் காய்க்குக் கிலோக்கணக்கு. கீரையைப் பக்கத்து வீட்டுக்காரி சும்மா ஒடித்துக்கொண்டு போகலாம் என்பது ஊர் வழக்கம். இப்போது முருங்கை இலை பொடியாகி, டப்பாவில் அடைபட்டு, வெளிநாடு போகிறது. இலைக்கு விலை வந்ததும் கம்பெனி வந்துவிட்டது. இத்தனை காலம் ஒடித்து, உருவி, ஆய்ந்த கைகளுக்கு அந்த விலையில் எவ்வளவு பங்கு என்று கேட்க வேண்டும்.

காசினி எங்கள் மாடியில் மூன்று வருடமாக இருக்கிறது. வெயில்தான் அதற்குப் பகை. சித்திரையில் போட்டால் இலை கொடுக்காமல் தண்டு நீட்டிப் பூவுக்குப் போய்விடும். ஐப்பசி மழை ஓய்ந்து, பழனி மலைப் பக்கமிருந்து குளிர் இறங்கும்போது விதைக்க வேண்டும். விதை சிறியது, மணலோடு கலந்து தூவி, மேலாக மண் மூடினால் போதும். வேர் ஆழமாக இறங்கும் என்பதால் தொட்டி ஒரு முழமாவது ஆழம் வேண்டும். வேர் இறங்கிவிட்டால் ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் வாடி விழாது. ஆறேழு வாரத்தில் வெளி இலைகளை அறுக்கலாம். நடுக்குருத்தைத் தொடக்கூடாது, அதுதான் திரும்பக் கொடுக்கும். மாசி வரைக்கும் அறுத்துக்கொண்டே இருக்கலாம். கசக்கும். கொதிநீரில் போட்டெடுத்து, பிழிந்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்து வதக்கினால் பாகற்காய் தின்கிற வீட்டில் தட்டு காலியாகிவிடும்.

கசப்பை என் அம்மாயி 'வாய்க்குக் கணக்கு' என்பாள். எழுதப்படிக்கத் தெரியாதவள். எந்தக் கீரை எந்தக் கரையில், எந்த மாதத்தில், யாருக்குப் பிள்ளை பெற்ற பின் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது என்று பெரிய பட்டியலே அவளிடம் இருந்தது. முனைவர் பட்டத்துக்காக நான் சங்க இலக்கியத் தாவரங்களின் பெயர்களை அட்டைகளில் எழுதி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். அந்த ஆய்வேட்டின் மேற்கோள் விதிகளில் உரையாசிரியர்களுக்கு இடம் இருந்தது, அம்மாயிக்கு இல்லை. இப்போது என் மாணவிகளிடம் முதல் வேலையாகக் கேட்பது, அவரவர் ஊர்க் கீரைக்காரப் பெண்களிடம் உட்கார்ந்து, பெயர், பருவம், பறிக்கும் முறை மூன்றையும் எழுதி, சொன்னவரின் பெயரையும் அவர் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்பதே. போன பருவத்தில் வந்த நோட்டுகளில் ஒன்று தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலைசெய்யும் ஒரு அம்மா சொன்னது. காப்பிச் செடிக்கு அடியில் தானாக முளைக்கும் கீரைகள் என்று பதினொரு பெயர்கள் அதில் இருக்கின்றன. நான்கு பெயர்கள் எந்த அகராதியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.