எண்ணும் அலகும்



அளவை என்பது எண்ணும் அலகும் சேர்ந்தது. எண்ணை மட்டும் கூறி அலகைக் கூறாது விடுவோமாயின், கூறியதனாற் பயனில்லை. இவ்வுண்மையை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொகவந்தலாவையிலே கொழுந்து நிறுக்குமிடத்தில் ஒருவருடைய பெயருக்கு நேரே 20 என்று எழுதினால், அது இறாத்தலா, கிலோவா என்பதில் அவருடைய நாட்கூலியே தங்கியிருக்கிறது. 20 கிலோ என்பது 44 இறாத்தல் அன்றோ? அன்றியும், சாக்குக்கும் ஈரத்துக்குமெனக் கழித்தபின் எஞ்சுவதே கணக்கிற் சேரும். தராசு காட்டும் எடை வேறு; பெயருக்கு விழும் எடை வேறு.

செய்தி செல்லும் வேகத்தை மனிதர் அளந்த வரலாற்றிலும் இவ்விரண்டு வேறுபாடுகளே மீண்டும் மீண்டும் குறுக்கிடுகின்றன. பொகவந்தலாவை என்னும் பெயரையே சுமையாக வைத்து அவ்வரலாற்றை அளந்து பார்ப்போம். உரோம எழுத்தில் அப்பெயருக்கு 13 எழுத்துக்கள்.

இலங்கையில் முதலாவது தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே செயற்படலாயிற்று. தந்தியாளரின் வேகத்தை ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று கணித்தார்கள். சொற்கள் நீண்டும் குறுகியும் வருமாதலின், பாரிஸ் என்னும் சொல்லை மாதிரியாகக் கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. மோர்ஸ் குறியீட்டில் அதன் நீளம் 50 கூறுகள். நமது பொகவந்தலாவையோ, பின்வரும் இடைவெளியையும் சேர்த்தால் 132 கூறுகள் கொண்டது. நிமிடத்துக்கு 20 சொல் அனுப்புபவர் அதனை அனுப்ப ஏறத்தாழ 8 வினாடி ஆகும். ஒரு சொல் என்று கணக்கெழுதினாலும், அது இரண்டரைச் சொல்லின் சுமை.

பிரான்ஸ் நாட்டுத் தந்திப் பொறியியலாளர் எமில் போதோ 1874இல் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் எந்த எழுத்துக்கும் சம நீளமுள்ள ஐந்து கூறுகளே உண்டு. அவருடைய பெயரால் அமைந்த அலகுதான் ‘பாட்’. கம்பியில் ஒரு வினாடியில் எத்தனை குறிகள் செல்கின்றன என்பதையே அது சொல்லும். பின்னாளில் வந்த தொலை அச்சுப்பொறி 50 பாட் வேகத்தில் இயங்கிற்று. ஆனால், எழுத்து தொடங்குவதையும் முடிவதையும் அறிவிக்க மேலும் இரண்டரைக் கூறு வேண்டியிருந்தமையால், ஓர் எழுத்துக்கு ஏழரைக் கூறு செலவாயிற்று. சாக்குக்குக் கழிப்பதுபோன்ற கழிவு இது. அக்கழிவோடு கணக்கிட்டால் நமது பெயர் 2 வினாடியிற் சென்றுவிடும்.

கணினிகள் தொலைபேசிக் கம்பி வழியே பேசத் தொடங்கியபோது குழப்பம் பெருகிற்று. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் 300 பாட் வேகமுடையது. அதில் ஒரு குறி ஒரு பிட்டையே சுமந்தமையால், வினாடிக்கு 300 பிட் என்று சொல்லினும் பிழையில்லை. ஆகவே, இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிவிட்டனர். ஆனால், 1984ஆம் ஆண்டின் அனைத்துலக நெறிப்படி அமைந்த மோடம் 600 பாட் வேகத்தில் 2400 பிட் அனுப்பிற்று. ஒரு குறியின்மேல் நான்கு பிட்டுக்களை ஏற்றினார்கள். வண்டி ஓடும் தடவை ஒன்று. வண்டியில் ஏற்றிய மூடை மற்றொன்று.

இனி நமது மலைநாட்டுக்கே வருவோம். நுவரெலியா மாவட்டத்துக் கொத்மலையிலே 1989ஆம் ஆண்டில் ஒரு சமூக வானொலி நிலையம் தொடங்கிற்று. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் அதற்கு இணையத் தொடர்பு கிடைத்தது. நேயர் கேட்கும் வினாக்களுக்கு நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, வானலை வழியே அறிவித்தார்கள். அவ்விணைப்பின் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட்.

அக்காலத்து நெகிழ்வட்டு ஒன்றில் நிறையும் செய்தியை இவ்விணைப்பில் அனுப்ப எவ்வளவு நேரம் செல்லும்? வட்டிலே 1.44 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கும். ஆயிரம் என்பதற்கு ஒரு தடவை 1000 என்றும், மறு தடவை 1024 என்றும் பொருள்கொண்ட கலப்புக் கணக்கு அது; உண்மையில் அதிற் கொள்வது 14,74,560 பைட். பிட்டையும் பைட்டையும் ஒன்றென மயங்குபவர் 23 வினாடி போதும் என்பார். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்; ஆகவே 64 கிலோபிட் என்பது 8 கிலோபைட்டே. கழிவு எதனையும் கருதாவிடினும் 3 நிமிடத்துக்கு மேலாகும். இம்மயக்கத்தை ஓரளவு நீக்கவே 1998இல் அனைத்துலக மின்தொழினுட்ப ஆணையம் 1024ஐக் குறிக்கக் ‘கிபி’ என்னும் தனி முன்னொட்டை வகுத்தது.

தமிழ் எழுத்துக்கும் இதில் ஒரு பங்குண்டு. உரோம எழுத்தில் நமது ஊர்ப்பெயர் 13 பைட். ஒருங்குகுறியில், இன்று பெருவழக்கிலுள்ள முறைப்படி தமிழில் எழுதினால், 11 குறிகள், குறிக்கு 3 பைட்டாக, 33 பைட். ஒரே பெயர், இரண்டரை மடங்கு சுமை.

இவையெல்லாம் பழங்கணக்கு என்று ஒதுக்கற்க. 2020இற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசி வழியே வந்த நாட்களில், இக்கணக்கு மலைநாட்டுப் பிள்ளைகளின் கல்விக் கணக்காயிற்று. வினாடிக்கு ஒரு மெகாபிட் இணைப்பில் 10 மெகாபைட் பாடம் வந்துசேர 10 வினாடி அன்று, 80 வினாடி ஆகும். விற்போர் பிட்டிற் பேசுவர். நாம் பெறும் பாடமோ பைட்டில் அளக்கப்படும்.

ஆதலின், வேகம் இவ்வளவு என்று எவரேனும் கூறுங்கால் மூன்று வினாக்களைக் கேட்போமாக: எதனை எண்ணினீர்? ஆயிரம் என்பது எந்த ஆயிரம்? கழிவு போக எஞ்சுவது யாது? கொழுந்துத் தராசின் முன் நிற்பவர் கேட்கும் வினாக்களும் இவற்றின் உறவினவே. அங்கே கேட்கத் தெரிந்தவர் இங்கும் ஏமாறார்.