ஒன்ஸ்மோரின் அதிகாரம்: விசுவநாததாஸின் மேடையை முன்வைத்து

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் அரங்குகளில் இசைத்தட்டு ஓடத் தொடங்கியதும் கூட்டம் ஆர்ப்பரித்தால், தட்டுகளைத் தேர்ந்து போடும் ‘செலக்டர்’ அதைப் பின்னுக்குச் சுழற்றி முதலிலிருந்து போடுவார். 1990களில் லண்டனின் ஜங்கிள் இசை டி.ஜே.க்களும் இந்த ‘ரீவைண்ட்’ வழக்கத்தைக் கைக்கொண்டனர். பாட்டை மறுபடி பாடச் சொல்லி அவையோர் எழுப்பும், தமிழ் நாடக மேடையின் ‘ஒன்ஸ்மோர்’ குரல் இதற்கு நெருங்கிய உறவு. எனினும் வேறுபாடு முக்கியமானது. தட்டில் பதிந்த குரல் மாறாது. மேடையிலோ நடிகர் மறுபடி பாடியாக வேண்டும். அந்த மறுபாட்டின் விளைவுக்கும் அவரே பொறுப்பு. ஆகவே ஒன்ஸ்மோரைப் பாராட்டாக மட்டும் கொள்வது போதாது. அது நிகழ்த்துதலில் அவையோர் எடுத்துக்கொள்ளும் பங்கு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பங்குக்கு இடம் தந்தது ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு. நடிகர்கள் தனித்தனியே அமர்த்தப்பட்டு, கூட்டு ஒத்திகையின்றி மேடையில் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. நாடகம் விடிய விடிய நடக்கும். எந்தப் பாட்டை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்பதை அந்தந்த இரவே தீர்மானித்தது.

சிவகாசியில் 1886இல் பிறந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் இம்மேடையை விடுதலைப் போராட்டத்தின் களமாக்கினார். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் தினைப்புனக் காட்சியில் பறவைகளை விரட்டுவது கதைக்கே உரியது. மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றி, இவர் பாடிப் புகழ்பெற்ற கொக்குப் பாட்டில் அந்த வெள்ளைப் பறவை ஆங்கில ஆட்சியைக் குறித்தது. இத்தகைய பாடல்களுக்காக அவர் பலமுறை சிறை சென்றார்.

இங்குதான் ஒன்ஸ்மோர் வேறு பொருள் பெறுகிறது. 1876ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடகத்தைத் தடை செய்ய இடம் தந்தது; போலீஸ் பாடியவரைக் கைது செய்ய முடிந்தது. முதல்முறை பாடியது நடிகரின் துணிச்சல். மறுமுறை பாடச் சொன்னது கூட்டம். உட்பொருளைப் புரிந்துகொண்டோம், அதை ஏற்கிறோம் என்று அவை வெளிப்படையாக அறிவிக்கும் கணம் அது. தண்டனை மட்டும் ஒருவர்மீது விழுந்தது.

ஒன்ஸ்மோர் கதையோட்டத்தைக் குலைக்கிறது என்ற மறுப்பு எழலாம். உரையாடலை முதன்மையாக்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை (1891) போன்ற மேடைக்கு அது பொருந்தும். ஆனால் முருகன் வள்ளியை மணப்பான் என்று முன்பே அறிந்து வந்த கூட்டத்துக்குக் கதையில் இழக்க எதுவுமில்லை. அதன் நாட்டம் சொல்லப்படும் முறையில் இருந்தது.

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மேடையிலேயே விசுவநாததாஸ் உயிர் நீத்தார். அவருக்குப் பின் எஞ்சிய அக்காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் ஒரு பாட்டு ஒருமுறைதான் அச்சாகியிருக்கும். அந்த அச்சை மட்டும் நாடகப் பிரதியாகக் கொள்ளும் ஆய்வு, அவையின் பங்கை முழுவதுமாகத் தவறவிடுகிறது. எங்கே நிறுத்தி மறுபடி கேட்டார்கள் என்பதும் பிரதியின் பகுதியே.