கூலி: 'ஆள்' விழுந்துபோன ஒரு சொல்லின் கதை

ஆங்கிலத்திலும் 'கூலி' என்று ஒரு சொல் இருக்கு. அகராதியைப் புரட்டினால், ஆசியாவில் உடலுழைப்பு வேலை செய்கிற ஆள் என்ற அர்த்தமும், இது இழிவுபடுத்தும் சொல் என்ற எச்சரிக்கையும் கிடைக்கும். இது எங்கட தமிழ்ச் சொல்தானே, இதில் என்ன இழிவு?

1886இல் யூலும் பேர்னெலும் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி இந்தச் சொல்லுக்கு இரண்டு வேர்களைப் பற்றிப் பேசுது. ஒன்று, குஜராத் பக்கத்துக் 'கோலி' சமூகத்தின் பெயர். மற்றது தமிழ்க் 'கூலி'. இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கவும் கூடும்.

ஆனால் தமிழில் கூலி என்றால் ஆள் இல்லை, உழைப்புக்குக் கிடைக்கிற ஊதியம். திருக்குறளில், ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வருவதும் அந்த அர்த்தத்தில்தான். இன்றைக்கும் தையல் கூலி, ஏற்றுக்கூலி என்று சொல்லுறம். வேலை செய்யிறவர் 'கூலியாள்'. ஆங்கிலத்தில் அந்த 'ஆள்' விழுந்துபோச்சு. கொடுக்க வேண்டிய காசின் பெயரே மனிசருக்குப் பெயரானது.

1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். மொரிசியஸ், கரீபியன், பிறகு நேட்டால் என்று கப்பல் கப்பலாக இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். சொல்லும் கூடவே போனது. தென்னாபிரிக்காவில் காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள்.

இலங்கைக்குத் தமிழ்நாட்டிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பிறகு தேயிலைக்கும் சனம் வந்தது. அவர்கள் இருந்த வரிசை வீடுகளை ஆங்கிலத்தில் 'கூலி லைன்ஸ்' என்றார்கள். தமிழில் அந்த 'லைன்' லயமானது. நாங்கள் கொடுத்தது ஊதியத்துக்கான சொல், திரும்பி வந்தது பத்தடி அறைக்கான சொல். 1915இல் துரைமாருக்காகக் கொழும்பில் அச்சான ஒரு மொழி வழிகாட்டியின் தலைப்பே 'கூலித் தமிழ்'. ஆக்களுக்கு மட்டுமில்லை, அவர்கள் பேசின மொழிக்கும் அதே முத்திரை.

கூலிக்கு வந்தவர்கள் என்றால், வேலை முடிந்ததும் போக வேண்டியவர்கள் என்ற நினைப்பு அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்த நினைப்பைச் சட்டமாக்கியது என்றுதான் எங்களுக்குப் படுது. லட்சக்கணக்கான மலையகத் தமிழர் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லித் தப்ப ஏலாது. 'தோட்டக்காட்டான்' என்பது ஆங்கிலச் சொல் இல்லை. அது தமிழர் தமிழருக்கு வைத்த பெயர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் நிற்கிற, வீடுகளில் சமைக்கிற எத்தனையோ மலையகப் பிள்ளைகள் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

2018 ஒக்டோபரில் ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு காலிமுகத்திடலில் கூடினார்கள். கேட்டது, தோட்டத்தில் வேலை செய்கிற பெற்றோருக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,000 ரூபா. 2021இல்தான் நாளொன்றுக்கு 1,000 ரூபா, படியையும் சேர்த்து, வர்த்தமானியில் வந்தது. அவர்கள் அன்றைக்குக் கேட்டது, பழைய தமிழ் அர்த்தத்தில், கூலி. அதைக் கேட்டவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுறம் என்பது இப்ப எங்கட வாயில்தான் இருக்கு.