மஜோலிகா: ஒரு பேர் காரைக்குடி வந்த கதை

வில்லாபுரத்துல இருந்து கிளம்பினா ரெண்டு மணி நேரத்துல காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போயிடலாம். அங்க நகரத்தார் வீடுகள்ல, இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்கப் பூப்போட்ட டைல்ஸ் பளபளன்னு பதிச்சிருப்பாங்க. சுத்திக் காட்டுறவங்க அதை 'மஜோலிகா' என்பார்கள். இத்தாலிச் சாமான்னு சொல்றவங்களும் உண்டு. உண்மையில அதுல நிறைய ஜப்பான்ல செஞ்சது. பேரோ ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு தீவோடது!

(தரையில இருக்குறது வேற. அது ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல சிமெண்டும் சாயமும் ஊத்திச் செய்றது, சூளையே கிடையாது.)

கதை 9ஆம் நூற்றாண்டு ஈராக்ல தொடங்குது. சீனாவோட வெள்ளைப் பீங்கானைப் பார்த்து அங்கிருந்த குயவர்கள் மயங்கிட்டாங்க. ஆனா அந்தக் களிமண் அவங்ககிட்ட இல்ல. அதனால ஈயம் கலந்த கண்ணாடிப் பூச்சுல வெள்ளீயத்தையும் சேர்த்தாங்க. சூளையில சுட்டதும் சாதாரண மண் பாத்திரம் பால் வெள்ளையா மாறுச்சு. அதுமேல என்ன வேணும்னாலும் வரையலாம்.

இந்த வித்தை முஸ்லிம் ஆட்சியோட ஸ்பெயினுக்குப் போய், மலாகாவிலும் பிறகு வலென்சியா பக்கத்து மனிசெஸ் ஊரிலும் உச்சத்துக்கு வந்தது. செம்பு, வெள்ளிக் கலவையால கோலம் வரைஞ்சு, புகை சூழ்ந்த சூளையில இன்னொரு தடவை சுடுவாங்க. பொட்டுத் தங்கம் இல்லாமலே தங்க மினுமினுப்பு! 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பணக்காரர்கள் தங்கள் குலச் சின்னம் போட்டு ஆர்டர் கொடுத்து வாங்கினாங்க. சரக்கு மயோர்க்கா தீவு வழியா வந்ததால 'மயோலிகா'ன்னு பேர் வந்ததுங்கறதுதான் பலரும் சொல்ற விளக்கம்.

செவில் நகரத்துல இன்னொரு யோசனை. ஈரக் களிமண்ணை அச்சுல அழுத்தி, வயல் வரப்பு மாதிரி மெல்லிய கோடுகளை எழுப்புனாங்க. ஒரு நிறம் இன்னொன்றோட கலக்காம அதது பாத்திக்குள்ள நிக்கும்.

1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில மின்டன் நிறுவனம் தன் வண்ணப் பாத்திரங்களைக் காட்சிக்கு வெச்சது; பின்னாடி அந்த வகைக்கு 'மஜோலிகா'ன்னு பேர் நிலைச்சது. பழைய வெள்ளீய வெள்ளை அதுல இல்ல. என்னைக் கேட்டா, முக்கால்வாசி பேரை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் இங்கிலாந்து டைல்ஸைப் பார்த்து ஜப்பான் கத்துக்கிச்சு. முதல் உலகப் போர்ல ஐரோப்பியச் சரக்கு குறைய, ஆசியச் சந்தை ஜப்பான் கைக்கு வந்தது. இந்தியாவுக்குன்னே நம்ம சாமி படங்களையும் அச்சுல வார்த்து அனுப்பினாங்க.

வாங்குறதுக்குக் காசு? பர்மா நெல் வயல்களுக்குக் கொடுத்த கடன்லயும் வட்டியிலயும் வந்த காசுதான் அதுல பெரும்பங்கு. 1942இல் அதே ஜப்பான் பர்மாவைப் பிடிச்சது. நகரத்தார் பலர் எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பினாங்க. அதுக்கப்புறம் அந்த அளவு வீடுகள் எழும்பல.

இப்போ வீடுகள் இடியுது. யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் சேர்ந்தாச்சு. ஆனா பட்டியல் இடிப்பைத் தடுக்காது. பங்காளிகள் பலர், பராமரிப்புச் செலவோ பெருசு. பெயர்த்தெடுத்த டைல்ஸ் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துடும். 'மேட் இன் ஜப்பான்' முத்திரை இருக்குறது டைல்ஸோட பின்பக்கம். சுவர்ல இருக்குற வரைக்கும் அதைப் பார்க்கவே முடியாது.